பொத்தானுக்குப் பொன்னாடை

பேரா மாநிலத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஈயத்துக்கு ஓர் அத்தியாயமும் ரப்பருக்கு ஓர் அத்தியாயமும் ஒதுக்குவது வழக்கம். மூன்றாவது அத்தியாயத்துக்கு அவர்கள் இனி அலைய வேண்டியதில்லை. அது ஜனவரி பதினோராம் தேதி, சனிக்கிழமை, காலை மணி பத்துக்கு, ஈப்போவில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் தொடங்கிவிட்டது. அங்குதான் எங்கள் ‘வெஸ்ட்புரூக் தோட்ட முன்னாள் தொழிலாளர் நல மின்னிலக்கச் சங்கம்’ இயங்குகிறது. ‘மின்னிலக்க’ என்ற சொல் அன்று காலைதான் சேர்க்கப்பட்டது. பெயர்ப்பலகையில் இடமில்லாததால் சற்றுச் சிறிய எழுத்தில் இருக்கும்.

வந்திருந்தோரும் அமர்ந்த இடமும் வருமாறு. தலைவர் திரு. சன்னாசி, மேசையின் தலைமாட்டில், காற்றாடிக்கு நேர் கீழே. துணைத் தலைவர் திரு. அந்தோணிமுத்து, தலைவருக்கு வலப்பக்கம், குளிரூட்டி நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில். அதனால்தான் அவர் எப்போதும் கண்ணை மூடியிருப்பார். பயிற்றுநர் திரு. கால்வின், பிளக் இருந்த மூலையில், மடிக்கணினியுடன். பயிற்சி மாணவர்கள் விவியன், பவித்ரன், ஷாமினி மூவரும் சுவரோரம் ஒரே பெஞ்சில். செயலாளராகிய நான், கார்த்திகேசு, தலைவருக்கு இடப்பக்கம், குறிப்பேட்டுடன்.

நவமணி அக்கா கதவுக்கு வெளியே மாடிப்படியில் அமர்ந்திருந்தார். அவர் செயற்குழு உறுப்பினர் அல்லர். ஆகவே ‘வருகை தந்தோர்’ பட்டியலில் சேரமாட்டார். படியில் அமர்ந்தோருக்கு எங்கள் குறிப்பேட்டில் தனித் தலைப்பு கிடையாது.

அன்றைய ஒரே பொருள் ஒரு கடிதம். லகாட்டுக்கு அப்பால் இருக்கும் எங்கள் பழைய தோட்டத்தை வாங்கிய வீடமைப்பு நிறுவனம் அனுப்பியது. தோட்டத்து லயம் என்னும் வரிசைவீடுகளில் இன்னும் குடியிருக்கும் நாற்பத்தொரு குடும்பங்களுக்கு மலிவுவிலை வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். குடும்பத் தலைவரின் பெயர், ஐ.சி. என்னும் அடையாள அட்டையின் எண், இரண்டும் அடங்கிய பட்டியலைச் சங்கம் ஜூன் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர்களின் வீடு மறுநாள் பொதுவிற்பனைக்குப் போகும். லயங்கள் ஜூலையில் இடிக்கப்படும்.

நாற்பத்தொரு பெயர், நாற்பத்தொரு எண். இவ்வளவு எளிய காரியத்தை எளிமையாகவே செய்து முடித்துவிட்டால் பிறகு சங்கம் எதற்கு?

தலைவர் தொண்டையைச் செருமினார். “நாம ஒரு அகப்பக்கம் செய்யணும். வெளிய குடுத்துச் செய்யப்படாது, நம்ம பிள்ளைங்களே கத்துக்கிட்டுச் செய்யணும். ஜனங்க போன்ல ஒரு தட்டுத் தட்டினா பேரு போயிச் சேரணும்.”

“வழிமொழிகிறேன்,” என்றார் துணைத் தலைவர், கண்ணைத் திறக்காமல்.

கால்வின் ஈப்போவில் பிறந்து பினாங்கில் மென்பொருள் எழுதுகிறவர். வயது இருபத்தெட்டு. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து இலவசமாகச் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டவர். இப்படிப்பட்டவர்களை நாம் எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு எங்கள் சங்கம் பின்னால் ஒரு முன்மாதிரி ஆனது. அவர் எழுந்து விளக்கினார்.

“பக்கத்த முழுசா ஒரே மூச்சில கட்டக்கூடாது அங்கிள். சின்னச் சின்னத் துண்டா பிரிச்சிக்கணும். பேரு எழுதற பெட்டி ஒரு துண்டு. ஐ.சி. நம்பர் பெட்டி ஒரு துண்டு. அனுப்பற பொத்தான் ஒரு துண்டு. ஒவ்வொண்ணையும் தனியா கட்டி, தனியா ஒரு எடத்தில வச்சி, காலியா இருந்தா எப்பிடி, தப்பா அடிச்சா எப்பிடி, லைன் ஸ்லோவா இருந்தா எப்பிடின்னு எல்லா நெலமையிலயும் சோதிச்சுப் பாக்கணும். அப்புறம்…”

அந்த ‘அப்புறம்’ வரும்போது மீ கோரெங் பொட்டலங்களும் வந்தன. செயலாளர் என்ற முறையில் தட்டுகளை எடுத்துவைப்பது என் கடமை. பேனாவை மூடினேன். ஆகவே குறிப்பேட்டில் இப்படிப் பதிவானது: ‘ஒவ்வொன்றையும் தனியாகக் கட்டித் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று பயிற்றுநர் வலியுறுத்தினார்.’ முற்றுப்புள்ளி. அதன்பிறகு அவர் ஏறக்குறைய மூன்று நிமிடம் பேசினார். அந்த மூன்று நிமிடமும் யாருக்கு சம்பல் வரவில்லை என்ற ஆராய்ச்சியில் கழிந்தது.

ஆனால் தலைவருக்கு முதல் பாதியே போதுமானதாக இருந்தது. மேதைகளுக்குப் பாதிதான் வேண்டும்.

“அலாமா! இது நம்ம நெரை சிஸ்டம்லா!” என்றார், முள்கரண்டியை உயர்த்தி.

தெரியாதவர்களுக்காக: ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை உண்டு. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, உனக்கு இந்த நிரை, உனக்கு அந்த நிரை என்று பிரித்துவிடுவார்கள். ஒருவர் நிரையில் அடுத்தவர் கத்தி வைக்கக் கூடாது. தலைவரின் தந்தையார் அந்தத் தோட்டத்தில் தண்டலாக இருந்து இப்படிப் பிரித்துவிட்டவர். மேற்பார்வை தலைவரின் இரத்தத்தில் ஓடியது. ஓடுவதற்கு அதற்கு இத்தனை நாள் இடமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

“மூணு பிள்ளைங்க, மூணு நெரை. பவித்ரனுக்குப் பேரு பெட்டி. ஷாமினிக்கு ஐ.சி. பெட்டி. விவியனுக்குப் பொத்தான். ஒருத்தர் நெரையில இன்னொருத்தர் கத்தி வைக்கப்படாது. ஆளுக்கு ஒரு ரூம்பு.”

“அங்கிள், தனியான்னா அந்த அர்த்தம் இல்ல. ஆளுங்க ஒண்ணா உக்காரலாம். துண்டுதான்—”

“வழிமொழிகிறேன்,” என்றார் துணைத் தலைவர்.

அன்று ஒரே பெஞ்சில் இருந்த மூவரும் அடுத்த சனிக்கிழமை மூன்று இடத்தில் இருந்தார்கள். விவியன் கூட்ட அறையில். பவித்ரன், கூடாரத் துணியும் மடக்கு நாற்காலியும் அடுக்கிவைத்த சாமான் அறையில். ஷாமினி கழிவறைக்குப் போகும் நடையில்; அங்கே காற்று வரும். பெஞ்ச் காலியாக இருந்ததால் தலைவர் தம் தலைக்கவசத்தை அதில் வைத்தார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் பவித்ரனின் பெயர்ப் பெட்டி எதைத் தட்டினாலும் தாங்கியது. நீளமான பெயர், ஒற்றை எழுத்துப் பெயர், நடுவில் சாய்கோடு போட்ட பெயர், ஒன்றும் எழுதாத பெயர் எல்லாவற்றுக்கும் அது தகுந்தபடி நடந்துகொண்டது. ஷாமினியின் பெட்டி பன்னிரண்டு இலக்கத்துக்கு ஒன்று குறைந்தாலும் சிவந்துவிடும். கோடுகளைத் தானே போட்டுக்கொள்ளும். கால்வின் அவர்களுக்கு ஒரு பக்கம் அமைத்துக் கொடுத்திருந்தார். அதன் இடப்புறம் துண்டுகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் அந்தத் துண்டு மட்டும் வெள்ளைத் திரையில் தன்னந்தனியாக வந்து நிற்கும், பள்ளி மேடையில் திருக்குறள் ஒப்பிக்க வந்த பிள்ளை மாதிரி.

எல்லாவற்றிலும் அழகு விவியனின் பொத்தான். சாம்பல் நிறத்தில் தூங்கும். விரல் பக்கத்தில் வந்தால் நீலமாகும். அழுத்தினால் ஒரு சக்கரம் சுற்றும். பிறகு பச்சையாகி, ‘நன்றி! உங்கள் பதிவு வெற்றி!’ என்று சொல்லும். நான் பதினொரு தரம் அழுத்திப் பார்த்தேன். பதினொரு தரமும் வெற்றி. என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலை அமைந்ததில்லை.

“அம்மா விவியன், இது அனுப்பினா அங்க யாரு வாங்கறா?” என்று கேட்டேன்.

“இப்போதைக்கு யாரும் வாங்கல அங்கிள். வாங்கிக்கிட்ட மாதிரி ஒரு பதில நானே எழுதி வச்சிருக்கேன். பொத்தான் சரியா நடந்துக்குதான்னு பாக்கறதுக்கு.”

“அப்போ பொய்யா?”

“பொய்யின்னு இல்ல அங்கிள், சோதனைக்கு ஒரு மாதிரி. சேக்கும்போது அத எடுத்துட்டு நெசத்த வச்சிருவோம்.”

நான் குறிப்பேட்டில் எழுதினேன்: ‘பதில் முன்கூட்டியே ஆயத்தமாக உள்ளது. வேகம் பாராட்டத்தக்கது.’

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் பெரட்டு நடந்தது. கால்வின் வேலை செய்யும் இடத்தில் இதை நின்றுகொண்டு பேசும் கூட்டம் என்பார்களாம். எங்கள் தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார்.

“பேரு பெட்டி?”

“சோதனையில பாஸ், தலைவரே!” சாமான் அறையிலிருந்து குரல் வரும்.

“ஐ.சி. பெட்டி?”

“பாஸ்!” நடையிலிருந்து.

“பொத்தான்?”

“பாஸ், ஆனா தலைவரே—”

“ஆனாவெல்லாம் அப்புறம்.”

இது முடிந்ததும் படியிலிருந்து நவமணி அக்காவின் குரல் வரும். அவர் வாரநாளில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தட்டுக் கழுவுகிறார். சனிக்கிழமை லகாட்டிலிருந்து பஸ்ஸில் வருவார், நாற்பத்தொரு குடும்பங்களின் சார்பில்.

“தம்பி, எங்க பேரெல்லாம் போயிருச்சா?”

“பெட்டி தயாராகுது அக்கா.”

“பெட்டியா? எங்களத் தூக்கி வைக்கறதுக்கா?”

“பேரு எழுதற பெட்டி அக்கா. உலகத் தரம்.”

“லயத்துக்குப் பின்னால மண்ணு தோண்டற மிஷின் வந்து நிக்குது தம்பி. வாரத்துக்கு ரெண்டு நாள் தண்ணி வாரதில்ல. ரெண்டு வீட்டுக் கூரைய இப்பவே பிரிச்சிட்டாங்க. எனக்குப் போறதுக்கு வேற எடம் இல்ல. பையன் சிங்கப்பூர்ல ஒரு ரூம்புல ஆறு பேரோட படுத்துக் கெடக்கான். நீங்க பெட்டி செய்யறதுக்குள்ள நாங்க எல்லாம் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போயிச் சேந்துருவோம் போல.”

நான் அவருக்கு மீந்த கறிபாப் ஒன்று கொடுத்தேன். சங்கம் மக்களை வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

மே மாதம் முதல் வாரம் கால்வின் எழுந்து, இன்னும் இரண்டு வகுப்பு பாக்கி என்றார். மூன்று துண்டையும் ஒரே பக்கத்தில் சேர்ப்பது ஒரு வகுப்பு. பொத்தானை அழுத்தினால் பெயரும் எண்ணும் உண்மையாகவே ஓரிடத்தில் போய்ச் சேமிக்கப்படுவது இன்னொரு வகுப்பு.

தலைவர் புருவத்தை உயர்த்தினார். “சேக்கறதா? அப்பிடி ஒரு பேச்சு வரலியே. செயலாளரே, குறிப்பப் பாருங்க.”

நான் ஜனவரி மாதப் பக்கத்தைப் புரட்டி வாசித்தேன். ‘தனியாகக் கட்டித் தனியாகச் சோதிக்க வேண்டும்.’

“பாத்தீங்களா? சேக்கணும்னு இல்ல.”

“நான் சொன்னேன் அங்கிள்! அன்னிக்கே சொன்னேன். சாப்பாடு வந்துச்சு…” கால்வின் என்னைப் பார்த்தார். நான் பேனாவின் மூடியைப் பார்த்தேன். குறிப்பேட்டில் இல்லாதது நடக்கவில்லை என்பது சங்க விதி. அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

“தம்பி,” என்றார் தலைவர் கனிவாக, “மூணும் பாஸ். பாஸான பிள்ளைய மறுபடி பள்ளிக்கூடம் அனுப்புவாங்களா? அந்த ரெண்டு சனிக்கெழமையும் நமக்கு வேற வேல இருக்கு. சான்றிதழ் குடுக்கறதுக்கு ஒத்திகை.”

“வழிமொழிகிறேன்.”

முதல் ஒத்திகைச் சனிக்கிழமை கால்வினுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. தோளில் அது நழுவ, படியிறங்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டார். கீழே டயர் கடையில் ஒருவர் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள், இங்க பாருங்க. டயர் பாஸ். அதுக்காக அந்த டயர் மேலயே உக்காந்து சித்தியவான் போயிருவீங்களா? நீங்களாவது சொல்லுங்கலா. நான் இனி ரெண்டு மாசம் வரமுடியாது, எனக்குப் பினாங்குல வேல முடிச்சுக் குடுக்கணும்.”

நல்ல உவமை. எங்கள் குறிப்பேட்டில் உவமைகளுக்கு இடமில்லை.

அவர் போனபிறகு ஒரு ‘ஒழுங்கீனம்’ நடந்தது. பவித்ரன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சாமான் அறையிலிருந்து விவியன் இருந்த அறைக்குள் வந்துவிட்டான். இருவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தலைவர் கையும் களவுமாகப் பிடித்தார்.

“அடுத்தவ நெரையில கத்தி வைக்கிறியா?”

“தலைவரே, என் பெட்டியில எழுதற பேரு இவ பொத்தானுக்குத் தெரியவே தெரியாது. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான்—”

“என்னா ஒண்ணா? ரெண்டும் வயசுப் பிள்ளைங்க. படியில ஜனங்க உக்காந்திருக்கு. என்னா பேசுவாங்க?”

“எங்க பேரப் பத்தித்தான் பேசுவோம்!” என்றது படியிலிருந்து ஒரு குரல்.

பவித்ரனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வழங்கப்பட்டது. கோப்பு எண் 7, கடிதம் 3. வரைவு என்னுடையது. பிழையில்லாத கடிதம்.

ஜூன் முப்பது, திங்கட்கிழமை. அகப்பக்கத் திறப்பு விழா. பதிவுக்குக் கடைசி நாளையே திறப்பு நாளாக வைத்தது தலைவரின் யோசனை. அப்போதுதான் கூட்டம் வருமாம். வந்தது. நாற்பத்தொரு குடும்பமும் வேலைக்கு விடுப்புப் போட்டு, நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். மேடையில் பெரிய திரை. அதில் கால்வின் துண்டுகளைச் சோதிக்க அமைத்துக் கொடுத்த அதே பக்கம். அகப்பக்கம் என்று எங்களிடம் இருந்தது அதுதான். வெள்ளை நடுவே பொத்தான் தனியாக நின்றது.

தலைவர் குத்துவிளக்கேற்றினார். திரைக்குப் பொன்னாடை போர்த்தினார். பொத்தான் மறைந்ததால் பொன்னாடையைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டினோம். உலகில் பொன்னாடை பெற்ற முதல் பொத்தான் எங்களுடையதாக இருக்கலாம், விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

“முதல் பதிவு, நம்ம நவமணி அக்கா!”

நவமணி அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேடை ஏறினார். “பேரு எழுத வேணாமா?”

“அது பக்கத்து ரூம்பு அக்கா. வேணும்னா எழுதிட்டு வாங்க.”

போனார். சாமான் அறையில் பெயர் எழுதினார்; பெட்டி ஏற்றுக்கொண்டது. நடையில் எண் எழுதினார். பெட்டி கோடு போட்டுக்கொண்டது. அடுத்தவர் வந்ததும் இரண்டு பெட்டியும் அவரை மறந்து வெறுமையாயின. அவர் மேடைக்குத் திரும்பிப் பொத்தானை அழுத்தினார். சக்கரம் சுற்றியது. பச்சை. ‘நன்றி! உங்கள் பதிவு வெற்றி!’

கைதட்டல் கீழே டயர் கடை வரை கேட்டிருக்கும். நவமணி அக்கா திரையைத் தொட்டுக் கும்பிட்டார். “வீடு வந்திருச்சு,” என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். பையனுக்குப் போன் போட்டு அதையே மறுபடி சொன்னார்.

நாற்பத்தொரு பேரும் அழுத்தினார்கள். நாற்பத்தொரு வெற்றி. பிறகு தலைவர் அழுத்தினார். அவருக்கு ஈப்போவில் இரண்டு மாடி வீடு இருக்கிறது, இருந்தும் வெற்றி. துணைத் தலைவர் அழுத்தினார், வெற்றி. விருந்துக்கு வந்த டயர் கடை முதலாளியான தவ்கேயும், என்ன ஏது என்று தெரியாமல், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அழுத்தினார். அவருக்கும் வீடு.

விவியன் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது. “அங்கிள், அது நான் எழுதி வச்ச பதில். சோதனைப் பதில். நெசமில்ல. யாரு பேரும் எங்கயும் போவல. சொல்லுங்க அங்கிள்.”

“விருந்து முடியட்டும்மா,” என்றேன். பிரியாணி சூடாக இருந்தது. சூடான பிரியாணியின் முன்னால் உண்மை பேசுவது நம் பண்பாடு அன்று.

மூன்று இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. வீடமைப்பு நிறுவனத்தில் வேலை செய்யும் வெண்டி. தமிழ்ப் பிள்ளைதான்.

“அங்கிள், வெஸ்ட்புரூக் லிஸ்ட் இன்னும் வரலியே.”

“அனுப்பியாச்சேம்மா. நாப்பத்தொண்ணும் வெற்றி. உண்மையச் சொன்னா நாப்பத்துநாலு.”

“எங்க அனுப்பினீங்க?”

இந்தக் கேள்வியை ஆறு மாதத்தில் எங்கள் சங்கத்தில் ஒரே ஒருவன்தான் கேட்டிருந்தான். அவனும் பதிலைக் கேட்டுவிட்டுப் பாராட்டி எழுதினான்.

“இங்க ஒரு பேரும் வரல அங்கிள். அஞ்சு மணிக்கு க்ளோஸ்லா. நாளைக்கிக் காலையில மிச்ச வீடெல்லாம் ஓப்பன் சேல், போர்டு எல்லாம் எழுதியாச்சு. நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

தலைவரிடம் சொன்னேன். நெருக்கடி நேரத்தில் தலைமை எப்படி இருக்க வேண்டும் என்பதை அன்று கண்டேன். அவர் பதறவில்லை. அவசரச் செயற்குழுவைக் கூட்டி, விசாரணைக்கு உத்தரவிட்டார். மூவரும் ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியே அழைக்கப்பட்டனர்.

“பவித்ரன், ஒன் பெட்டியில தப்பு இருக்கா?”

“இல்ல தலைவரே. ஆனா—”

“போதும். அடுத்து.”

“ஷாமினி?”

“பெட்டி சரியாத்தான் இருக்கு. அத—”

“போதும்மா.”

“விவியன், ஒன் பொத்தான் பாஸா இல்லையா?”

“பாஸ்தான் தலைவரே.” அவள் அழுதுகொண்டிருந்தாள். “பாஸானது பொத்தான் மட்டுந்தான்.”

“அவ்வளவுதான். நம்ம சங்கத்தில எந்தத் துண்டும் ஃபெயில் இல்ல. அப்போ தப்பு எங்க?” தலைவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். “அவங்க கம்பெனிக்கு வாங்கத் தெரியல. செயலாளரே, கடிதம் எழுதுங்க. நம்ம பக்கம் எல்லாமே தனித்தனியா சோதிச்சு, எல்லாமே தேறிடுச்சுன்னு.”

“வழிமொழிகிறேன்,” என்றார் துணைத் தலைவர். மணி மூன்று ஐம்பது.

அப்போது நவமணி அக்கா உள்ளே வந்தார். ஆறு மாதத்தில் செயற்குழு நடக்கும்போது அவர் அந்தக் கதவைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. வெளியிலிருந்து எல்லாம் கேட்டிருக்கிறார்.

“தலைவரே, எங்க பேரு இப்ப எங்க இருக்கு?”

“அக்கா, கூட்டம் நடக்குது—”

“முப்பத்தொரு வருஷம் பால் வெட்டியிருக்கேன். ஒங்கப்பாதான் பெரட்டுல பேரு கூப்பிடுவாரு. திட்டுவாரு, கிட்டத்தில வந்து கத்துவாரு. ஆனா ஒரு நாளும் என் பேரு விட்டுப்போனதில்ல. நெரை பிரிச்சி விட்டாருன்னா, மத்தியானம் அத்தன பேரு பாலையும் ஒரே எடத்தில ஊத்தறவரைக்கும் வீட்டுக்குப் போகமாட்டாரு. நீங்க பிரிச்சதோட நிறுத்திட்டீங்க.”

தலைவர் காற்றாடியைப் பார்த்தார். காற்றாடி நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. கடிதம் எழுதச் சொன்னார்கள், எழுதப் போனேன். கூடத்தில் நாற்பது குடும்பமும் பிரியாணி சாப்பிட்ட கையோடு, வீடு வந்துவிட்ட மகிழ்ச்சியில் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தார்கள். “ஐ.சி.யக் கையில எடுத்துக்கிட்டு வரிசையில வாங்க,” என்றேன்.

“மறுபடியுமா? பச்சை வந்துச்சே!” என்றார் ஒருவர்.

“பச்சை வந்துச்சு. பேரு போவல.”

அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. தாளில் கோடு போட வேண்டியிருந்தது.

சுவரோரப் பெஞ்சில் இருந்த தலைக்கவசத்தைப் பவித்ரன் எடுத்துத் தரையில் வைத்தான். மூவரும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் உத்தரவு கேட்கவில்லை. பவித்ரன் பெயரைக் கேட்டான். ஷாமினி ஐ.சி.யை வாங்கி எண்ணை வாசித்தாள். இலக்கம் பன்னிரண்டு இருக்கிறதா என்று விரல்விட்டு எண்ணினாள். நான் எழுதினேன். விவியன் பின்னாலிருந்து ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தாள். இடையில் ஓர் ஐ.சி. கிடைக்கவில்லை, நவமணி அக்கா அந்தக் கிழவரின் சட்டைப் பையில் தாமே கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். முதல் வரியில் நவமணி அக்காவின் பெயர்.

மணி நான்கு முப்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்றாவது வரி முடிந்தது. முப்பத்தெட்டு நிமிடம். இதே முப்பத்தெட்டு நிமிடம் ஜனவரி பதினோராம் தேதியும் என்னிடம் இருந்தது. அன்று நான் தட்டு எடுத்துவைத்தேன்.

முகப்புக் கடிதம் எழுத நான்கு நிமிடம் ஆயிற்று. நான் படித்த சிறிய ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதுவதை மட்டும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்கள். பெறுநர், பொருள், பத்தி, கையொப்பம். பட்டியலோடு சேர்த்து மடித்து உறையில் வைத்தேன். பசையைத் தடவினேன். தலைவர் கூட்ட அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“செயலாளரே, நான் சொன்னதப் போட்டீங்களா?”

“தலைவர் சொன்னபடியே போட்டேன்.”

“தனித்தனியா சோதிச்சு, எல்லாம் தேறிடுச்சுன்னு?”

“அதே சொல்தான் தலைவரே.”

“நல்லது. நம்ம கௌரவம்லா அது.”

உறையின் வாயை அழுத்தி ஒட்டி, விவியன் கையில் கொடுத்தேன். அனுப்புவது அவள் பொறுப்பு. அவளுடைய பழைய கஞ்சில் கார் கீழே நின்றது. நவமணி அக்கா ஏற்கெனவே முன்சீட்டில் ஏறி, கதவைச் சாத்தி, உறைக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். மணி நான்கு நாற்பது. நிறுவனத்துக்குப் போக, சிவப்பு விளக்கு விழாவிட்டால், கால் மணி நேரம். கார் முனை திரும்பி மறையும்வரை மாடியில் நின்று பார்த்தேன்.

கடிதத்தின் கடைசிப் பத்தி வருமாறு: ‘இத்தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று தாங்கள் கேட்கக்கூடும். தலைவர், துணைத் தலைவர், செயலாளராகிய நான் ஆகிய மூவரையும் தனித்தனியே நிறுத்திச் சோதித்துப் பார்த்தோம், மூவரும் தேறிவிட்டோம். தாங்கள் தயைகூர்ந்து எங்களைச் சேர்த்துவைத்துப் பார்க்கவும்.’